கணினிப் போரில் கலப்பு வீரர்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியில் அதியமான்கோட்டை என்னும் ஊர் உள்ளது. சங்க காலத்தில் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் இது. ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்தவன் என்று அவனைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் ஔவையார் அவனைப் பாடிப் பரிசில் பெற்ற புலவர் மட்டும் அல்லர். தொண்டைமானோடு பகை முற்றியபோது அதியமானுக்காகத் தூது சென்றவரும் அவரே. ஆள் ஒருவர், பணி இரண்டு.

இவ்வட்டாரத்தில் நடுகற்களும் ஏராளம். ஆநிரைகளைக் கவர்வதற்காகவும், கவரப்பட்ட நிரையை மீட்பதற்காகவும் நடந்த பூசல்களில் மடிந்த வீரர்களுக்கு எடுத்த கற்கள் அவற்றுள் பல. ஆநிரை கவர்தல் அக்காலத்துக் கூட்டுத் தாக்குதல் எனலாம். தொல்காப்பியம் இதனை வெட்சித்திணை என்று பெயரிட்டு, ஒற்றறிதல், நிரையைக் கைப்பற்றுதல், துரத்தி வருபவரைத் தடுத்தல், பசுக்களை வருத்தாமல் ஓட்டி வருதல் எனப் பல கட்டங்களாகப் பகுத்துக் கூறுகிறது. ஒவ்வொரு கட்டத்திற்கும் தனித்தனி ஆளை அழைத்துச் செல்ல எல்லாக் கூட்டத்தாலும் முடியுமா? நிரையை ஓட்டுபவனே வில்லையும் எடுக்கத் தெரிந்தவனாக இருந்தால் எவ்வளவு நன்மை!

இதே கேள்வி இன்று முற்றிலும் வேறொரு களத்தில் எழுந்து, கணக்குப் போட்டுப் பார்க்கப்படுகிறது. அந்தக் களம் கணினித் திரை. பல ஊர்களில், பல நாடுகளில் இருப்பவர்கள் இணையத்தின் வழியே ஒன்றுகூடி, கற்பனை உலகத்தில் ஓர் அரக்கனையோ பறவை நாகத்தையோ எதிர்த்துப் போரிடும் விளையாட்டுகள் உள்ளன. ஒரு குழுவாகத் திரண்டு செய்யும் அந்தப் பெருந்தாக்குதலை ஆட்டக்காரர்கள் ‘ரெய்டு’ என்பார்கள். விளையாட்டுதானே என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு கூட்டத்தில் யாருக்கு என்ன மதிப்பு என்னும் கேள்விக்கு இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

மூன்று வேலைகள்

இத்தகைய ரெய்டில் அடிப்படையான வேலைகள் மூன்று. முதலாவது, எதிரியின் அடி முழுவதையும் தம் மீது வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்பது. இவரை ‘டேங்க்’ என்பார்கள். நாம் தாங்குபவர் என்போம். இரண்டாவது, அடிபட்டவரின் காயத்தை உடனுக்குடன் ஆற்றுவது. இவர் ‘ஹீலர்’, ஆற்றுபவர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது, எதிரியை ஓயாமல் அடித்து அவன் உயிரைக் குறைப்பது. இவர் அடிப்பவர்.

அரக்கன் ஏன் தாங்குபவரை மட்டுமே அடிக்கிறான்? முன்னால் ஆற்றுபவரை அடித்துவிட்டால் அவன் வேலை எளிதாக முடியுமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அரக்கனை இயக்குவது ஒரு கணினி நிரல். அது ஒவ்வொரு வீரர் மீதும் அரக்கனுக்கு எவ்வளவு கோபம் என்று எண்களில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியலில் முதலில் இருப்பவரையே அரக்கன் அடிப்பான்.

2004ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்ககால விதிப்படி, அரக்கனுக்கு 1 புள்ளி சேதம் செய்தால் 1 புள்ளி கோபம் சேரும். 1 புள்ளி காயத்தை ஆற்றினால் அரைப் புள்ளி கோபம் சேரும். தாங்குபவருக்கு மட்டும் கோபத்தைப் பெருக்கிக் காட்டும் தனித் திறன்கள் உண்டு. அருகில் நிற்கும் வேறொருவர் அவரைக் காட்டிலும் 10 விழுக்காட்டுக்கு மேல் கோபம் சேர்த்துவிட்டால், அரக்கன் அவர் பக்கம் திரும்பிவிடுவான். தொலைவில் நிற்பவருக்கு இந்த வரம்பு 30 விழுக்காடு. எனவே அடிப்பவர் அளவறிந்து அடிக்க வேண்டும். ஆற்றுபவர் அளவறிந்து ஆற்ற வேண்டும். மூவரும் ஒரே தராசின் தட்டுகளில் நிற்கிறார்கள்.

தாங்குபவர் விழுந்தால் அரக்கன் மற்றவர் மீது பாய்வான். ஆற்றுபவர் விழுந்தால் தாங்குபவர் சற்று நேரத்தில் விழுவார். முடிவு ஒன்றுதான்: முழுக் குழுவும் அழியும்.

இரண்டும் தெரிந்தவர்

விளையாடத் தொடங்கும்போதே ஒவ்வொருவரும் தம் பாத்திரத்திற்கு ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேஜ் என்னும் மந்திரவாதியும், ரோக் என்னும் மறைந்து தாக்குபவனும் அடிப்பதற்கென்றே பிறந்தவர்கள். இவர்கள் தனி வகுப்பினர். வேறு சில வகுப்பினரோ ஒன்றுக்கு மேற்பட்ட வேலைக்கு உரியவர்கள். டிரூயிட் என்பவர் கரடியாக உருமாறினால் தாங்குபவர். பூனையாக மாறினால் அடிப்பவர். மனித உருவில் ஆற்றுபவர். பாலடின் என்பவரும் மூன்று வேலைக்கும் பழகக் கூடியவர். ஷாமன் ஆற்றவும் அடிக்கவும் வல்லவர். இவர்களே கலப்பு வகுப்பினர்.

கலப்பு என்றதும் தருமபுரி வட்டாரத்து உழவர்களுக்கு வீரிய ஒட்டுத் தக்காளி நினைவுக்கு வரலாம். அந்த ஒப்புமை இங்கே பொருந்தாது. வீரிய ஒட்டு ரகம் தன் பெற்றோர் இரண்டைக் காட்டிலும் கூடுதலாக விளையும்; அதற்காகவே அதனை உருவாக்குகிறார்கள். விளையாட்டின் கலப்பு வீரரோ நேர்மாறானவர். தாங்குவதில் தனித் தாங்குபவருக்கும், அடிப்பதில் தனி அடிப்பவருக்கும் ஒரு படி கீழே நிற்பவர். அப்படியானால் அவரை ஏன் அழைத்துச் செல்ல வேண்டும்?

இந்தக் கேள்வி பழையது. கணினி வருவதற்கு முன்பே, 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டை வெளியிட்டார்கள். அதில் முதலில் இருந்த வகுப்புகள் மூன்றே: போர்வீரன், மந்திரவாதி, கிளெரிக் என்னும் குரு. அந்தக் குருவே கவசம் பூண்டு போரிடவும், மந்திரத்தால் காயம் ஆற்றவும் தெரிந்தவர். ஆக, கலப்பு வீரர் இடையில் புகுந்தவர் அல்லர். தொடக்கம் முதலே உடன் இருப்பவர்.

1999இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ என்னும் இணைய விளையாட்டு கலப்பு வகுப்பினருக்கு ஒரு தண்டம் விதித்தது. பல திறன்களைப் பெற்றிருப்பதால், அடுத்த நிலைக்கு உயர அவர்கள் கூடுதலான அனுபவப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தச் சுமை உடன் இருந்த குழுவினரின் பங்கையும் குறைத்தது. விளைவு என்ன? குழுவினர் அவர்களைச் சேர்க்கவே தயங்கினார்கள். பின்னர் அந்தத் தண்டத்தை நீக்கிவிட்டார்கள்.

ஒரு சிறு கணக்கு

கலப்பு வீரரின் மதிப்பை நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக நாம் எடுத்துக்கொண்டவை. எந்த விளையாட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல.

ஐவர் கொண்ட ஒரு சிறு குழு. தாங்குபவர் 1, ஆற்றுபவர் 1, அடிப்பவர் 3. அடிப்பவர் ஒவ்வொருவரின் வலிமை 100. மூவரும் சேர்ந்தால் 300. ஒரு போரில் எவரேனும் ஒருவர் விழுவதற்கு, அல்லது அவருடைய இணைய இணைப்பு அறுந்து போவதற்கு, பத்தில் ஒரு வாய்ப்பு என்று கொள்வோம். தாங்குபவரும் ஆற்றுபவரும் நின்றால் வெற்றி. இருவரில் ஒருவர் போனாலும் தோல்வி.

முதற்குழுவில் கலப்பு வீரர் இல்லை. இருவரும் நிற்கும் வாய்ப்பு 0.9 × 0.9 = 0.81. அதாவது 100 போர்களில் 81 வெற்றி, 19 தோல்வி.

இரண்டாம் குழுவில் அடிப்பவர் ஒருவருக்குப் பதிலாக ஒரு கலப்பு வீரரைச் சேர்க்கிறோம். அவருடைய அடி வலிமை 80 மட்டுமே. ஆனால் தாங்குபவரோ ஆற்றுபவரோ விழுந்தால் அந்த இடத்தில் அவர் நிற்பார். இப்போது, இருவரும் நிற்கும் 81 போர்கள் முன்போலவே வெற்றி. இருவரில் சரியாக ஒருவர் மட்டும் விழும் போர்கள் 18. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கில் கலப்பு வீரர் நின்றுகொண்டிருப்பார், எனவே 16.2 போர்கள் காப்பாற்றப்படுகின்றன. இருவரும் விழும் 1 போர் தோல்வியே. அவர் ஓர் ஆள்தான். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது. மொத்த வெற்றி 97.2. தோல்வி 19இலிருந்து 2.8 ஆகக் குறைந்துவிட்டது!

இதற்கு நாம் கொடுத்த விலை என்ன? குழுவின் அடி வலிமை 300இலிருந்து 280 ஆயிற்று. 10 நிமிடத்தில் முடியும் போர் 10 நிமிடம் 43 விநாடி ஆகும். அவ்வளவுதான்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ‘கலப்பு வீரர் எதிலும் அரைகுறை ஆயிற்றே! மாற்று வேலையை அவர் பாதி நேரம் சொதப்பிவிட்டால்?’ அதையும் கணக்கிடுவோம். 16.2இல் பாதி 8.1. அப்போது மொத்த வெற்றி 89.1.

‘அதைவிட, கூடுதலாக ஒரு முழுத் திறமையுள்ள ஆற்றுபவரையே அழைத்துச் செல்லலாமே’ என்று வேறொருவர் சொல்லலாம். அது மூன்றாம் குழு. அவர் ஆற்றுபவரின் இடத்தை மட்டுமே நிரப்புவார். தாங்குபவர் விழுந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆற்றுபவர் மட்டும் விழும் 9 போர்களில் 8.1ஐ அவர் காப்பார். மொத்தம் மீண்டும் அதே 89.1. ஆனால் அடிப்பவர் இருவரே மிஞ்சுவதால் வலிமை 200 ஆகிவிடும். 10 நிமிடப் போர் 15 நிமிடமாக நீளும்.

பார்த்தீர்களா? பாதி நேரம் தவறும் கலப்பு வீரரும், தவறே செய்யாத தனி ஆற்றுபவரும் காப்பாற்றும் போர்களின் எண்ணிக்கை ஒன்றே. கலப்பு வீரரோ எஞ்சிய நேரமெல்லாம் 80 வலிமையுடன் அடித்துக்கொண்டும் இருக்கிறார். எந்த ஆபத்து வரும் என்று முன்கூட்டித் தெரியாதபோது, ஒரே ஆபத்துக்கு மட்டும் உரிய சிறந்த மருந்தைக் காட்டிலும், இரண்டு ஆபத்துக்கும் உரிய நடுத்தர மருந்து பயன்படக்கூடும்.

கூட்டம் பெருத்தால்

அப்படியானால் எல்லோரும் கலப்பு வீரராகிவிடலாமா? கூடாது. கூட்டத்தின் அளவு மாறினால் கணக்கும் மாறும்.

ஒரு குழுவில் ஆற்றுபவர் 10 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் விழுந்தால் மற்ற ஒன்பதுபேரும் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 11 விழுக்காடு, கூடுதலாக உழைத்தால் போதும். பெரிய கூட்டம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். அங்கே கலப்பு வீரரின் தேவை குறைவு.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் வரலாறு இதற்குச் சான்று. தொடக்கத்தில் அதன் பெரிய ரெய்டுகளுக்கு 40 பேர் வேண்டும். அக்காலத்தில் டிரூயிட், பாலடின், ஷாமன் யாராயினும் பெரும்பாலும் ஆற்றுபவர் வரிசையிலேயே நிறுத்தப்பட்டார்கள். ஷாமனுக்கு 1 மணி நேரத்திற்கு ஒருமுறை தானே உயிர்த்தெழும் ஆற்றல் இருந்தது. குழு முழுவதும் அழிந்தால் அவர் எழுந்து மற்றவர்களை எழுப்புவார். டிரூயிட்டால் 30 நிமிடத்திற்கு ஒருமுறை, போர் நடக்கும்போதே விழுந்தவர் ஒருவரை எழுப்ப முடிந்தது. இத்தகைய அவசரக் கருவிகளுக்காகவும் அவர்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் அடிப்பவராகவோ தாங்குபவராகவோ நிற்க அவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது.

2007ஆம் ஆண்டு சனவரியில் வந்த விரிவாக்கம் ரெய்டுகளை 25 பேர், 10 பேர் என்று சுருக்கியது. உடனே நிலைமை மாறியது. ஓர் அரக்கனுக்குத் தாங்குபவர் ஒருவர் போதும். அடுத்த அரக்கனுக்கு இருவர் வேண்டும். பத்துப் பேரில், பாதி நேரம் கைகட்டி நிற்கும் இரண்டாம் தாங்குபவருக்கு இடம் ஏது? முதற்போரில் பூனையாக அடித்து, அடுத்த போரில் கரடியாகத் தாங்கும் டிரூயிட்டுக்கு மதிப்புக் கூடியது.

முன்பெல்லாம் ஒரு கலப்பு வீரர் தம் பயிற்சியை ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு முழுமையாக மாற்ற, நகரத்துக்குத் திரும்பிப் பயிற்சியாளரிடம் பொன் செலுத்த வேண்டும். மாற்ற மாற்றக் கட்டணம் 50 பொன் வரை ஏறும். 2009 ஏப்ரலில் இருவகைப் பயிற்சிகளைச் சேமித்து வைத்துக்கொண்டு, போர்களுக்கு இடையே மாறிக்கொள்ளும் வசதி வந்தது. பெயரளவில் கலப்பு வீரராக இருந்தவர் அதன் பிறகே செயலிலும் கலப்பு வீரரானார் எனலாம்.

நம் மண்ணின் கபடியிலும் இதே விதி செயற்படுவதைக் காணலாம். அதிலும் எதிரணிக்குள் பாடிச் செல்வதை ‘ரெய்டு’ என்றே கூறுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு எழுவர். 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் ஆட்டக்காரர்களைப் பாடிச் செல்பவர், பிடிப்பவர், இரண்டும் தெரிந்த ஆல்ரவுண்டர் எனப் பிரிக்கிறார்கள். எழுவரும் களத்தில் நிற்கும்போது ஆல்ரவுண்டரின் அருமை அவ்வளவாகத் தெரியாது. நால்வர் வெளியேறி மூவர் மட்டும் மிஞ்சும்போதுதான் அது தெரியும். அப்போது பாடிப் போவதற்கு ஒருவர், பிடிப்பதற்கு வேறு மூவர் என்று பிரிக்க ஆள் ஏது?

விளையாட்டுக்கு வெளியே பார்த்தால், நம் சிற்றூர்களிலுள்ள ஈராசிரியர் பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். ஐந்து வகுப்பு, ஆசிரியர் இருவர். அங்கே ‘நான் கணக்கு மட்டும் நடத்துவேன்’ என்று ஒருவர் சொல்ல முடியாது. பெரிய நகரத்து மேல்நிலைப் பள்ளிக்குப் பாடத்துக்கு ஒரு வல்லுநர் தேவை. சிறிய பள்ளிக்கோ பலதும் தெரிந்தவர் தேவை. இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்விக்கு இடமில்லை.

பட்டியலில் தெரியாத வேலை

கலப்பு வீரருக்கு நேரும் பெரிய இடர் அரக்கனிடமிருந்து வருவதில்லை, பட்டியலிலிருந்து வருகிறது. போர் முடிந்ததும், யார் எவ்வளவு அடித்தார் என்று வரிசைப்படுத்திக் காட்டும் ஒரு துணை நிரலைப் பல ஆட்டக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். அதற்கு ‘டேமேஜ் மீட்டர்’ என்று பெயர். அதில் தனி வகுப்பினர் மேலே இருப்பார்கள். கலப்பு வீரர் நடுவிலோ கீழேயோ இருப்பார். ஆற்றுபவர் விழுந்த அரை நிமிடத்தில் அடிப்பதை நிறுத்திவிட்டுக் குழுவைக் காத்தாரே, அந்த அரை நிமிடம் பட்டியலில் வெறும் குறைவாகவே பதிவாகும்! ஆற்றியவர் பட்டியலிலும் அவருக்குக் கடைசி இடமே. இரண்டு பட்டியலையும் சேர்த்துப் படிப்பவருக்கே உண்மை புலப்படும்.

வடிவமைப்பாளர்களும் இதில் திண்டாடினார்கள். கலப்பு வீரர் தனி அடிப்பவருக்குச் சமமாக அடித்தால், தனி வகுப்பை யார் தேர்ந்தெடுப்பார்? மிகக் குறைவாக அடித்தால், கலப்பு வீரரை யார் அழைப்பார்? அந்த விளையாட்டை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனத்தார், தனி வகுப்பினர் சற்றே கூடுதலாக அடிக்க வேண்டும் என்னும் கொள்கையைச் சில ஆண்டுகள் வெளிப்படையாகவே வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் இதனைக் ‘கலப்பு வரி’ என்று கேலியாக அழைத்தார்கள். பிற்காலத்தில் அந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கைவிட்டார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. வீழ்ந்த அரக்கனிடமிருந்து கிடைக்கும் கவசமும் ஆயுதமும் முதலில் முதன்மை வேலைக்காரருக்கே என்று பல குழுக்கள் விதி வைத்துக்கொண்டன. கலப்பு வீரருக்கோ இரண்டு வேலைக்கும் இரண்டு தொகுதிக் கருவிகள் வேண்டும். கருவியைக் கொடுக்காமல், ‘தேவைப்பட்டால் தாங்கு’ என்று மட்டும் கட்டளையிட்டால் அவர் எப்படித் தாங்குவார்? நம் கணக்கில் 97.2 என்று வந்தது அவருக்கு இரண்டு வேலையும் செவ்வனே வரும் என்ற நிபந்தனையின் பேரில்தான். அதற்குரிய பயிற்சியையும் கருவியையும் மறுத்தால் அந்த எண் 89க்கும் கீழே சரியும். பொதுக் குறையை நிரப்பும் ஒருவரை எப்போதும் குறை நிரப்புபவராகவே வைத்திருப்பது அநீதி மட்டும் அன்று. கணக்குப்படி நட்டமும் ஆகும்.

நீங்களே செய்து பாருங்கள்

இதனைச் சோதிக்கக் கணினி தேவையில்லை. 0 முதல் 9 வரை எண்கள் எழுதிய 10 சீட்டுகளை ஒரு குவளையில் போடுங்கள். தாங்குபவருக்கு ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். அதேபோல் ஆற்றுபவருக்கு ஒருமுறை, கலப்பு வீரருக்கு ஒருமுறை எடுங்கள். 0 வந்தால் அவர் விழுந்தார் என்று பொருள். இப்படி 100 போர்கள் நடத்தி, கலப்பு வீரரைக் கணக்கில் சேர்க்காமல் எத்தனை வெற்றி, சேர்த்தால் எத்தனை வெற்றி என்று இரண்டு பத்திகளில் எழுதுங்கள். விடை சரியாக 81, 97 என்றே வராது. அவற்றுக்கு அருகே வரும். அடுத்து, 0 வந்தாலும் 1 வந்தாலும் விழுந்தார் என்று விதியை மாற்றிப் பாருங்கள். ஆபத்து இருமடங்காகும்போது கலப்பு வீரர் காப்பாற்றும் போர்கள் கூடுகின்றனவா, குறைகின்றனவா? எண்ணிப் பார்த்தால், ஒருவரை மதிப்பிடும் முன் அவர் எந்தக் கூட்டத்தில், எவ்வளவு ஆபத்தின் நடுவே நிற்கிறார் என்று ஏன் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கும்.